மூணு கோடி ரூபாய் இல்லாத சர்க்கார்

38-க்கு 13.

கிரிக்கெட் ஸ்கோர் இல்லீங்க. 1912 மார்ச் 19-ஆம் தேதி, கல்கத்தாவில் வைஸ்ராயின் சட்டசபையில் நடந்த ஒரு வாக்கெடுப்பின் முடிவு. எதிர்த்தவர்கள் 38 பேர், ஆதரித்தவர்கள் 13 பேர். தோற்றுப் போனது கோபால கிருஷ்ண கோகலே கொண்டுவந்த ஆரம்பக் கல்வி மசோதா. அதில் அவர் கேட்டது என்னன்னு பார்த்தா சிரிப்பும் வரும், வயித்தெரிச்சலும் வரும். நாடு முழுக்க எல்லாக் குழந்தைகளுக்கும் நாளைக்கே படிப்பு என்றெல்லாம் கேட்கவில்லை. எந்த ஊரில் ஏற்கனவே ஓரளவு பையன்கள் (மூணில் ஒரு பங்கு என்பது அவர் கணக்கு) பள்ளிக்கூடம் போறாங்களோ, அந்த ஊர் நகரசபையோ ஜில்லா போர்டோ விருப்பப்பட்டால், மாகாண அரசு சம்மதித்தால், 6 முதல் 10 வயது வரையுள்ள பையன்களைக் கட்டாயமாகப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லலாம். அவ்வளவுதான். எத்தனை 'ஆல்' பாருங்க. பெண் குழந்தைகள் விஷயம் பிற்பாடு. மாதம் பத்து ரூபாய்க்குக் கீழே வருமானம் உள்ள வீட்டுப் பையனுக்குச் சம்பளம் கிடையாது. செலவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காரும் ஒரு பங்கு உள்ளூர் அமைப்பும் ஏற்க வேண்டும்.

இதுக்குத்தான் 38 பேர் கை தூக்கி 'கூடாது'ன்னாங்க. சொன்ன காரணங்களில் முக்கியமானது, காசு இல்லை.

காசு இல்லையா என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

கோகலே என்றால் நமக்கெல்லாம் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஒரே வரி: 'காந்தியின் அரசியல் குரு'. ரெண்டு மார்க் கேள்வி. நம்ம பாரதி திலகர் கட்சி, கோகலேயை வைத்து 'கோக்கலே சாமியார் பாடல்' என்று ஒரு கிண்டல் பாட்டே எழுதினார். மிதவாதி, மனு போடுகிறவர், வெள்ளைக்காரனிடம் மெதுவாகப் பேசுகிறவர் என்கிற பிம்பம் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆனா ஆசாமி பிழைப்புக்குக் கணக்கு வாத்தியார். புனே பெர்குசன் கல்லூரியில் வேலை, அவர் எழுதின கணக்குப் புத்தகம் பள்ளிக்கூடங்களில் ரொம்ப நாள் ஓடியது. அந்தக் கணக்கு மூளையை அவர் சர்க்காரின் வரவு செலவு மேல் திருப்பியபோதுதான் விஷயம் சூடாகிறது.

முதல் சந்தர்ப்பம் 1897. இந்தியச் செலவினங்களை விசாரிக்க லண்டனில் வெல்பி கமிஷன் உட்கார்ந்தது. இந்தியாவிலிருந்து சாட்சி சொல்லப் போனவர்கள் நாலு பேர்: வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி, கோகலே, அப்புறம் நம்ம ஊரிலிருந்து ஜி. சுப்பிரமணிய ஐயர். 'ஹிந்து'வையும் 'சுதேசமித்திர'னையும் ஆரம்பித்தவர்களில் ஒருவர், திருவையாறுக்காரர். நால்வரும் திரும்பத் திரும்பப் போய் நின்ற இடம் ராணுவச் செலவு.

அந்தச் செலவு எப்படி வீங்கியது என்பது தனிக்கதை. 1857-க்கு முன்னால் கம்பெனிப் பட்டாளத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் சுமார் 40,000 பேர், இந்தியச் சிப்பாய்கள் ரெண்டு லட்சத்துக்கும் மேல். கலகம் முடிந்ததும் பயம் வந்துவிட்டது. ரெண்டு இந்தியனுக்கு ஒரு வெள்ளைக்காரனாவது இருக்கணும் என்று விகிதத்தை மாற்றினார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு ஆகும் செலவு இந்தியச் சிப்பாயைப் போலப் பல மடங்கு. அவனை இங்கிலாந்தில் பட்டாளத்தில் சேர்த்துப் பயிற்சி கொடுத்த செலவுக்குக்கூட இந்தியா பணம் கட்டியது. 1890 முதல் கொஞ்ச காலத்துக்குத் தலைக்கு ஏழரை பவுன். கப்பல் கட்டணம் தனி, பென்ஷன் தனி.

1885-ல் ஆப்கானிஸ்தான் எல்லையில் பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யர்கள் வந்து நின்றார்கள். ரஷ்யா வரப் போகுதுன்னு சொல்லி ஒரே மூச்சில் 30,000 பேரைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 10,000 வெள்ளையர், 20,000 இந்தியர். ரஷ்யாக்காரன் வரவே இல்லை. சேர்த்த ஆட்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். அதே வருஷம் மேல் பர்மாவைப் பிடிக்கப் போன படையின் செலவும் நம் கணக்கில். அதுக்கு முன்னே அபிசீனியா, எகிப்து, சூடான் என்று எங்கெங்கோ நடந்த சண்டைகளுக்குப் போன இந்தியப் பட்டாளத்தின் செலவில் ஒரு பகுதியும் நம் தலையில்தான். சேலம் ஜில்லாவில் ஒரு விவசாயி கட்டின உப்பு வரி, அபிசீனியா மலையில் ஒரு கோவேறு கழுதைக்குக் கொள்ளு வாங்கியிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் பெரிய தப்பில்லை.

1902 மார்ச்சில் கோகலே வைஸ்ராய் சபையில் தன் முதல் பட்ஜெட் பேச்சைப் பேசினார். தலைமை நாற்காலியில் கர்சன் பிரபு. 1901-02 கணக்கில் சுமார் 7 கோடி ரூபாய் உபரின்னு நிதி மெம்பர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். 1896-97லும் 1899-1900லும் ரெண்டு பெரும் பஞ்சங்கள் வந்து ஜனங்கள் செத்து விழுந்த சமயத்தை ஒட்டி, உபரி! தேவைக்கு மேல் வரி பிடுங்கினால் உபரி வராமல் என்ன செய்யும், அதை எப்படிச் செழிப்பு என்று சொல்வது என்பது வாத்தியாரின் கேள்வி.

ராணுவத்தைப் பற்றி அவர் வைத்த வாதம் ரொம்ப எளிமையானது. அப்போதுதான் தென்னாப்பிரிக்கச் சண்டைக்கும் சீனத்துச் சண்டைக்கும் இங்கிருந்து பெரிய எண்ணிக்கையில் படைகளை அனுப்பியிருந்தார்கள். அவங்க இங்கே இல்லாத அத்தனை நாளும் இந்தியாவுக்கு ஒரு ஆபத்தும் வரவில்லை. அப்படின்னா அத்தனை பேர் இந்தியாவுக்குத் தேவைக்கு அதிகம் என்றுதானே அர்த்தம்? அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்கான கையிருப்புப் படை. சாம்ராஜ்யம்தான் சம்பளம் கொடுக்கணும். இதற்குச் சபையில் உருப்படியான பதில் வரவில்லை. பதிலுக்கு வந்தது செலவுதான். வெள்ளைச் சிப்பாய்களின் சம்பளத்தை லண்டனில் உயர்த்தினார்கள். இந்தியாவுக்கு அதனால் வருஷத்துக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கூடுதல் பாரம். இந்தியாவில் யாரையும் கேட்டுச் செய்ததில்லை. அதே ஆண்டுக் கடைசியில் கிச்சனர் பிரபு தலைமைத் தளபதியாக வந்து இறங்கினார், பட்டாளத்தையே மாற்றி அமைக்கும் பெரிய திட்டத்தோடு. கர்சனுக்கும் அவருக்கும் நடந்த மோதலில் கடைசியில் 1905-ல் ராஜினாமா செய்தது வைஸ்ராய்தான், தளபதி இல்லை. யார் கை ஓங்கியிருந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

1907-ல் இங்கிலாந்தும் ரஷ்யாவும் ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. ரஷ்ய பூச்சாண்டியும் போயாச்சு, இனியாவது குறைங்க என்றார் கோகலே. பெரிதாக ஒண்ணும் குறையவில்லை. முதல் உலகப்போருக்கு முந்தைய வருஷங்களில் ராணுவச் செலவு சுமார் 30 கோடி ரூபாயில் நின்றது.

இப்போ அந்தப் பக்கம். 1901 சென்சஸில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் சொச்சம். 1911-ல் 5.9. பத்து வருஷத்தில் அரைப் புள்ளி! பெண்களில் நூற்றுக்கு ஒருவர். கல்விக்கான மொத்தச் செலவு 1901-02-ல் சுமார் 4 கோடி, 1911-12-ல் 8 கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 'பரவாயில்லையே, ரெட்டிப்பாயிருக்கே'ன்னு தோணும். ஆனா இது சர்க்கார் கொடுத்த பணம் மட்டும் இல்லை. பிள்ளைகள் கட்டின சம்பளம், மிஷன்காரர்கள் போட்டது, தர்மவான்கள் கொடுத்தது, எல்லாம் சேர்த்து. பொதுப் பணம் என்று பார்த்தால் ஏறக்குறைய பாதிதான். அதுவும் ஆரம்பப் பள்ளியிலிருந்து காலேஜ் வரைக்கும், பர்மாவிலிருந்து பெஷாவர் வரைக்கும்.

இதெல்லாம் ஏழை நாட்டில் நடக்கிற காரியமா என்று கேட்டவர்களுக்குக் கோகலே கையைக் காட்டிய இடம் பரோடா. அங்கே மகாராஜா சயாஜிராவ் 1893-ல் அம்ரேலிப் பகுதியில் கட்டாயக் கல்வியைச் சோதனையாக ஆரம்பித்து, 1906-ல் சமஸ்தானம் முழுக்கக் கொண்டுவந்துவிட்டார். பெண் குழந்தைகளையும் சேர்த்து. அதே குஜராத்தி ஜனங்கள், அதே வறட்சி, அதே பஞ்சம். ஒரு வித்தியாசம், பரோடா மகாராஜாவுக்கு அபிசீனியாவில் வேலை இல்லை.

1910 மார்ச்சில் கோகலே முதலில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். கவனிக்கிறோம் என்று சர்க்கார் சொன்னதும் வாபஸ் வாங்கிக்கொண்டார். (இங்கேதான் பாரதி கட்சிக்காரர்களுக்குக் கோபம் வந்திருக்கும்!) அந்த வருஷக் கடைசியில் கல்விக்கென்று தனி இலாகா உருவாக்கி, ஹார்கோர்ட் பட்லரை மெம்பராகப் போட்டார்கள். 1911 மார்ச் 16-ல் மசோதா. அதே டிசம்பரில் தில்லி தர்பார். ஐந்தாம் ஜார்ஜ் மகுடத்தோடு உட்கார்ந்து, புதுத் தலைநகரம் அறிவித்து, கல்விக்கு 50 லட்ச ரூபாய் தருவதாகவும் அறிவித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். மூணே மாசத்தில் மசோதா காலி.

கோகலே செலவுக் கணக்கையும் போட்டே வைத்திருந்தார். ஒரு பையனுக்கு வருஷம் ஐந்து ரூபாய். புதிதாகச் சேர்க்க வேண்டிய பையன்கள் எத்தனை பேர் என்று பெருக்கினால் நாலரைக் கோடி ரூபாய் வாக்கில் வருகிறது. அதில் சர்க்கார் பங்கு மூன்று கோடி. அதுவும் உடனே இல்லை, பத்து வருஷத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எட்ட வேண்டிய தொகை. ராணுவச் செலவில் பத்தில் ஒரு பங்கு.

காசு எங்கே என்று கேட்பார்கள் என்று தெரிந்து வழியும் சொன்னார். இறக்குமதி வரி 5 சதவீதமாக இருக்கிறது, அதை 7.5 ஆக்குங்கள். இன்னொண்ணும் சொன்னார், இதைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கேன். வேறு வழியே இல்லையென்றால் உப்பு வரியைக்கூட அரை ரூபாய் ஏத்திக்கோங்க என்றார். 1902-லிருந்து ஒவ்வொரு பட்ஜெட்டிலும் உப்பு வரிக்கு எதிராகத் தொண்டை வறளக் கத்தியவர் அவர். மணங்குக்கு ரெண்டரை ரூபாயாக இருந்தது 1903-ல் ரெண்டாகி, 1905-ல் ஒன்றரையாகி, 1907-ல் ஒரு ரூபாயானதில் அவர் குரலுக்குப் பங்கு உண்டு. அந்த மனுஷனே, ஜனங்கள் உப்பைக் குறைத்துச் சாப்பிடுவது, பிள்ளைகள் எழுத்தறியாமல் வளர்வதைவிடச் சின்னத் தீமை என்ற பொருளில் பேசினார். பட்டாளத்துக்குக் குறைக்க மாட்டீர்கள், சரி, எங்கள் கஞ்சியில் உப்பைக் குறைத்துக்கொள்கிறோம் என்கிற மாதிரி.

ஏன் பட்டாளத்தில் குறைன்னு நேரடியாக ஓட்டுக்கு விடவில்லை என்று கேட்கலாம். முடியாது. 1892 சட்டப்படி பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. 1909-ல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தபிறகு சில செலவினங்கள் மேல் தீர்மானம் கொண்டுவரலாம், அதுவும் சிபாரிசுதான். ராணுவம் அந்தப் பட்டியலிலேயே கிடையாது. கோகலே ராணுவத்தைப் பற்றி வருஷா வருஷம் பேசினார், எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். 'கல்வியா ராணுவமா' என்று நாம் இன்னிக்கு ரொம்பச் சுலபமாகக் கேட்டுவிடுகிறோம், ரெண்டும் ஒரே தராசில் பக்கத்துப் பக்கத்துத் தட்டில் இருப்பதுபோல. அன்னிக்கு ஒரு தட்டு சபைக்குள்ளேயே வரவில்லை. கல்விக்கு மட்டும்தான் 'காசு எங்கே' என்ற கேள்வி. ராணுவத்தை அந்தக் கேள்வி கேட்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை.

நியாயமாகச் சொன்னால், எதிர்த்தவர்கள் எல்லாரும் வில்லன்கள் இல்லை. வாத்தியார்கள் எங்கே, கட்டடம் எங்கே என்பது நிஜமான கேள்வி. பத்து வயசுப் பையன் மாடு மேய்த்துக் கொண்டுவரும் கூலியை நம்பி இருக்கும் வீட்டில் போய்க் 'கட்டாயம்' என்றால் என்ன ஆகும் என்பதும் நிஜமான கேள்வி. இதில் கோகலேயின் மசோதாவிடம் முழுப் பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனா அதே வாதத்தின் மறுபக்கம், பையன் படித்துவிட்டால் வயலில் வேலைக்கு யார் வருவான் என்ற நிலச்சுவான்தார்களின் பயம். அது அனுதாபம் இல்லை, கணக்கு. மாகாண அரசுகள் எதிர்த்து எழுதின. ஜனங்களிடமிருந்து கோரிக்கையே வரவில்லை என்றார் பட்லர். எழுதப் படிக்கத் தெரியாதவன் எதில் மனு எழுதுவான்? சபையில் ஆதரித்துப் பேசியவர்களில் மாளவியாவும் இருந்தார், ஜின்னாவும் இருந்தார். பின்னால் நடந்ததெல்லாம் தெரிந்த நமக்கு அந்த ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்றதைப் படிக்கவே ஆச்சரியமா இருக்கு.

மசோதா தோற்கும் என்று கோகலேக்கு முன்பே தெரியும், பேச்சிலேயே சொல்லிவிட்டார். 1915 பிப்ரவரி 19-ல் இறந்தார். வயது 48. அவருடைய இந்திய ஊழியர் சங்கத்துக்கு அடுத்த தலைவராக வந்தது வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி. அவரும் வாத்தியார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் ஹெட்மாஸ்டராக இருந்தவர்.

இனிமேல்தான் கதையின் கசப்பான பகுதி. 1916. உலகப்போர் நடக்கிறது. சர்க்காருக்குப் பணம் தேவை. என்ன செய்தார்கள் தெரியுமா? இறக்குமதி வரியை 5-லிருந்து 7.5 சதவீதமாக ஏற்றினார்கள். அப்படியே கோகலே சொன்ன எண்! உப்பு வரியையும் ஏற்றினார்கள். நாலு வருஷம் முன்னால் முடியாத காரியம். அடுத்த வருஷம், 1917-ல், பிரிட்டனின் போர்ச் செலவுக்கு இந்தியா 10 கோடி பவுன் 'அன்பளிப்பு' கொடுத்தது. அன்றைய மாற்று விகிதத்தில் 150 கோடி ரூபாய், ஏறக்குறைய இந்திய அரசின் ஒரு வருஷ மொத்த வருமானம். கையில் அவ்வளவு பணம் ஏது? கடனாகத் தலையில் ஏற்றிக்கொண்டார்கள். அதற்கு வட்டியும் அசலும் சேர்த்து வருஷத்துக்கு 60 லட்சம் பவுன், அதாவது 9 கோடி ரூபாய். பிள்ளைகளுக்கு மூணு கோடி கேட்டபோது இல்லாத காசு, மூணு மடங்காக வருஷா வருஷம் போனது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் கடல் கடந்து போனார்கள், எழுபதாயிரத்துக்கும் மேலானவர்கள் திரும்பவில்லை. அது கணக்கில் வராத செலவு.

போர் முடிந்து 1919 சீர்திருத்தம். இரட்டையாட்சி. கல்வி மாகாணங்களின் இந்திய மந்திரிகளுக்கு வந்தது. ராணுவம் மத்தியில், சபையின் ஓட்டுக்கு அப்பாற்பட்ட செலவாகவே தொடர்ந்தது. சென்னையில் 1920-ல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது, உள்ளூர் அமைப்புகள் விரும்பினால் கட்டாயக் கல்வி. கோகலே கேட்டதேதான், எட்டு வருஷம் கழித்து. ஆனா பணம்? மெஸ்டன் ஏற்பாட்டின்படி மாகாணங்கள் மத்திய சர்க்காருக்கு வருஷம் 983 லட்சம் கப்பம் கட்ட வேண்டும். அதில் சென்னை மாகாணத்தின் பங்கு 348 லட்சம். எல்லா மாகாணங்களிலும் அதிகம். பம்பாய்க்கு வெறும் 56. இந்தியா முழுமைக்கும் கோகலே கேட்ட மூணு கோடியைவிட, நம்ம மாகாணம் மட்டும் வருஷத்துக்கு அதிகமாக தில்லிக்குக் கட்டியது. அந்த தில்லியின் ஆகப் பெரிய செலவு எது என்று சொல்ல வேண்டியதில்லை. 1920களின் தொடக்கத்தில் ராணுவச் செலவு 60 கோடியைத் தாண்டி ஓடியது. இஞ்ச்கேப் பிரபு தலைமையில் சிக்கனக் கமிட்டி போட்டு, 1923-ல் அதை 57.75 கோடிக்கு இறக்கச் சொல்லி, போகப் போக 50 கோடிக்குக் கொண்டுவரலாம் என்றார்கள். அந்த மெஸ்டன் கப்பம் ஒழிய 1920களின் இறுதி ஆனது.

கல்வி மந்திரிகள் கைக்கு வந்த வருமானத்தில் பெரியது கலால். கள், சாராயம். பிள்ளைகள் அ, ஆ படிக்க அப்பா குடிக்கணும் என்கிற ஏற்பாடு. 1937-ல் காங்கிரஸ் மந்திரிசபைகள் வந்தபோது காந்தி இதைத்தான் கோபமாக எழுதினார். ராஜாஜி 1937 அக்டோபரில் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார், வருமானப் பள்ளத்தை அடைக்க 1939-ல் விற்பனை வரி கொண்டுவந்தார். இப்போ நாம கடையில் கட்டுற வரிக்கெல்லாம் அதுதான் பாட்டன். டாஸ்மாக் பற்றி நான் ஒண்ணும் சொல்லலை :-)

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்தது பலருக்கும் தெரிந்தது. அரசியல் சட்டத்தின் 45-வது பிரிவு, பத்து வருஷத்துக்குள் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்றது. கோத்தாரி கமிஷன் 1966-ல் தேசிய வருமானத்தில் 6 சதவீதம் கல்விக்கு வேண்டும் என்றது. ரெண்டும் சொன்னபடி நடக்கவில்லை. இங்கே ஒரு விஷயம். மத்திய பட்ஜெட்டில் ராணுவத்துக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரும் படங்களை அப்படியே நம்பாதீங்க. 2025-26 மத்திய பட்ஜெட்டில் பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி, கல்வி அமைச்சகத்துக்கு 1.28 லட்சம் கோடி என்பது உண்மைதான். ஆனா கல்விச் செலவில் பெரும்பகுதியை மாநிலங்கள்தான் செய்கின்றன, அது அந்தப் படத்தில் வராது. பட்டாளம் மத்தியில், பள்ளிக்கூடம் மாகாணத்தில் என்ற 1919 ஏற்பாட்டின் சாயல் அப்படியே இருக்கு. ஒரு பெரிய வித்தியாசம், இன்னிக்கு ராணுவச் செலவையும் நாடாளுமன்றம் ஓட்டுப் போட்டுத்தான் தர வேண்டும். பல வருஷங்களில் அதைத் தனியாக விவாதிக்காமலே, மற்ற மானியங்களோடு மொத்தமாகச் சேர்த்து நிறைவேற்றிவிடுகிறார்கள் என்பது வேறு.

கட்டாயக் கல்வி கடைசியில் மத்திய சட்டமாக வந்தது 2009-ல். அமலானது 2010 ஏப்ரல் 1. கோகலே மசோதா வைத்து 99 வருஷம். செலவைப் பங்கு பிரித்ததில் மத்திய அரசுக்கு 65, மாநிலங்களுக்கு 35 என்று போட்டார்கள், ஏறக்குறைய கோகலே சொன்ன மூன்றில் இரண்டு. 2015-லிருந்து அது 60-க்கு 40 ஆனது. 2024-25-க்கான சமக்ர சிக்ஷா பணம் 2,000 கோடிக்கு மேல் வரவில்லை என்று தமிழ்நாடு அரசு 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.